விரலும் வெங்காயமும்

கதை சொல்ல உட்கார்ந்தால் குழந்தைகள் முதலில் என்ன கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். "இவன் நல்லவனா, கெட்டவனா?" அதை மட்டும் சொல்லிவிட்டால் போதும். யாருக்காகக் கை தட்டுவது, யார் உதைபட்டால் சந்தோஷப்படுவது என்பதையெல்லாம் குழந்தை தானே தீர்மானித்துக்கொள்ளும். குழந்தையைச் சொல்வானேன்? நாமும் அப்படித்தான். சினிமாவில் கதாநாயகனுக்கு ஒரு நடை, வில்லனுக்கு ஒரு சிரிப்பு. போதாக்குறைக்கு, வில்லன் வாசற்படி ஏறுவதற்கு முன்பே பின்னணி வாத்தியக்காரர்கள் அவனைக் காட்டிக் கொடுத்துவிடுவார்கள். நாமும் முறுக்கைக் கடித்துக்கொண்டு நிம்மதியாக வெறுக்க ஆரம்பித்துவிடலாம்.

அந்த நிம்மதியைக் கெடுத்த ஒரு டெலிவிஷன் தொடரைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப் போகிறேன். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்று பெயர். அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் 2011 ஏப்ரலில் தொடங்கி 2019 மே மாதத்தில் முடித்தது. எட்டு சீசன்; மொத்தம் 73 எபிசோடுகள். மூலக்கதை ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய நாவல் வரிசை. முதல் புத்தகம் 1996-இலும், ஐந்தாவது 2011-இலும் வெளிவந்தன. தொடர் முடிகிற வரையில் ஆறாவது புத்தகம் வரவில்லை. ஆகவே பிற்பகுதிக் கதையைத் தொடரின் கர்த்தாக்களான டேவிட் பெனியாஃபும் டி. பி. வைஸும் தாங்களே நடத்திச் செல்லவேண்டியதாயிற்று.

ஒரு கற்பனைக் கண்டம். ஏழு ராஜ்யங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் இரும்புச் சிம்மாசனம். அதன்மேல் ஆசை வைத்த பல குடும்பங்கள். நெருப்புக் கக்கும் டிராகன்கள் உண்டு. செத்தவர்கள் எழுந்து நடப்பதும் உண்டு. ஆனால் உள்ளே ஓடுவது மனிதக் கதைதான். பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் லங்காஸ்டர், யார்க் என்ற இரண்டு வமிசங்கள் கிரீடத்துக்காக அடித்துக்கொண்ட 'ரோஜா யுத்தம்' தமக்குத் தூண்டுதலாக இருந்ததென்று மார்ட்டினே சொல்லியிருக்கிறார்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, இது குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பார்க்கக்கூடிய தொடர் அல்ல. ரத்தமும் ஆபாசமும் தாராளம். இரண்டு, நான் முடிவு வரைக்கும் சொல்லிவிடப் போகிறேன். முடிவு தெரிந்தால் சுவாரஸ்யம் போய்விடும் என்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடலாம்.

இருக்கிறீர்கள் அல்லவா? சரி, முதலில் ஒரு சின்னக் கதை.

ஸ்டான்னிஸ் என்று ஒரு பிரபு. எதிரிகள் முற்றுகையிட்ட கோட்டைக்குள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கிறான். உள்ளே தானியம் தீர்ந்துவிட்டது. குதிரைகளைத் தின்று, நாய் பூனைகளையும் தின்று முடித்தாயிற்று. அந்தச் சமயத்தில் டாவோஸ் என்ற கள்ளக் கடத்தல்காரன், இருட்டோடு இருட்டாக எதிரிக் கப்பல்களுக்கு நடுவே நழுவி, படகு நிறைய வெங்காயமும் கருவாடும் கொண்டுவந்து சேர்க்கிறான். கோட்டை பிழைக்கிறது.

ஸ்டான்னிஸ் என்ன செய்தான் தெரியுமா? டாவோஸுக்கு வீரப் பட்டமும் நிலமும் கொடுத்தான். கூடவே, அத்தனை வருஷமாகக் கடத்தல் செய்த குற்றத்துக்காக அவனுடைய ஒரு கையின் விரல் நுனிகளையும் வெட்டிவிட்டான்! வெட்டுவதானால் ஸ்டான்னிஸே தன் கையால் வெட்டவேண்டும் என்பது ஒன்றுதான் டாவோஸ் கேட்டுக்கொண்ட சலுகை. அந்த விரல் எலும்புகளைச் சின்னப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஸ்டான்னிஸுக்கே விசுவாசமாக உழைத்தான்.

ஈவிரக்கமில்லாத தண்டனை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதிலுள்ள கணக்கைக் கவனியுங்கள். வெங்காயம் வந்ததற்காகக் கடத்தல் இல்லையென்று ஆகிவிடவில்லை. கடத்தினான் என்பதற்காக வெங்காயம் மறந்துபோகவும் இல்லை. வீட்டுக் கணக்கு எழுதும் உங்களுக்கு வரவுப் பத்தியும் செலவுப் பத்தியும் பழக்கமானவை. மாதக் கடைசியில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து மீதியைப் பார்ப்பது ரூபாய்க்குச் சரி. மனிதர்கள் விஷயத்தில் அந்தக் கழித்தல் செல்லாது என்பதுதான் எனக்கு இந்தத் தொடர் முழுவதிலும் தெரிகிற சமாசாரம். 'முழு நல்லவனும் இல்லை, முழுக் கெட்டவனும் இல்லை' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே, அது பாதிதான் உண்மை. வெள்ளையையும் கறுப்பையும் கலக்கிச் சாம்பல் நிறமாக்கிவிட்டால் இரண்டுமே மறைந்துபோகும். இந்தக் கதையில் இரண்டும் மறையாமல் பக்கத்தில் பக்கத்திலேயே நிற்கின்றன.

ஜேமி லானிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பொன் போன்ற தலைமயிர், ராஜ மெய்க்காவல் படையின் கவசம், வாயில் எப்போதும் ஒரு ஏளனம். முதல் எபிசோடின் கடைசியில் அவன் செய்கிற காரியம் பார்த்தவர்களுக்கு மறக்காது. உடன்பிறந்தவளான ராணி செர்ஸியோடு அவனுக்கிருந்த கூடா உறவை, சுவர் ஏறி விளையாட வந்த பிரான் என்ற சிறுவன் ஜன்னல் வழியே பார்த்துவிடுகிறான். நாவலில் அவனுக்கு ஏழு வயது. ஜேமி அந்தப் பிள்ளையைக் கோபுரத்திலிருந்து கீழே தள்ளிவிடுகிறான். பிள்ளை பிழைத்துக்கொண்டாலும் கால்கள் போய்விடுகின்றன. பிறகு அவன் நடக்கவே இல்லை.

இவன் கெட்டவன் என்று நாம் முத்திரை குத்திவிட்டோம். அதற்கு முன்பே ஊரும் அவனுக்கு 'ராஜகாதகன்' என்று பட்டம் சூட்டியிருந்தது. காக்கவேண்டிய ராஜாவையே முதுகில் குத்திக் கொன்றவன் அவன்.

2013-இல் வந்த மூன்றாவது சீசனில் ஒரு குளியல் அறைக் காட்சி. எதிரிகள் ஜேமியின் வலது கையை வெட்டிவிட்டிருக்கிறார்கள். ஜுரத்தில் துவண்டுபோய் வெந்நீர்த் தொட்டியில் கிடக்கும் அவன், தன்னை அடியோடு வெறுக்கும் பிரியன் என்ற வீராங்கனையிடம், அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறான். அவன் கொன்ற ராஜாவுக்குப் பைத்தியம். தலைநகரம் முழுவதும், கோயிலுக்கு அடியிலும் குடிசைகளுக்கு அடியிலும், ஒரு பச்சைத் திரவத்தைப் புதைத்துவைத்திருந்தான்; பற்றிக்கொண்டால் தண்ணீராலும் அணையாத நெருப்பு அது. யுத்தத்தில் தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் ஊரையே கொளுத்திவிடச் சொன்னான். ஐந்து லட்சம் ஜனங்கள்! அதைத் தடுக்கத்தான் இளம் பிள்ளையான ஜேமி தன் பிரமாணத்தை மீறிக் கத்தியை எடுத்தான். அந்த ஊரார்தாம் அவனுக்கு ராஜகாதகன் என்று பெயர் வைத்தார்கள்!

கேட்டுக்கொண்டிருந்த பிரியனுக்கு மட்டுமா மனம் இளகிற்று? பார்த்துக்கொண்டிருந்த நமக்கும் இளகிற்று.

மார்ட்டின் இதை எப்படிச் சாதித்தார் என்பது கவனிக்கவேண்டியது. அவருடைய நாவல்களில் பெரும்பாலான அத்தியாயங்களுக்கு ஒரு பாத்திரத்தின் பெயரே தலைப்பு. அந்த அத்தியாயத்தில் எல்லாவற்றையும் அந்தப் பாத்திரத்தின் கண்ணால்தான் பார்ப்போம். முதல் இரண்டு புத்தகங்களில் ஜேமிக்கு ஓர் அத்தியாயம்கூடக் கிடையாது. மற்றவர்கள் கண்ணில் அவன் எப்படித் தெரிந்தானோ அப்படித்தான் நமக்கும் தெரிந்தான். 2000-இல் வந்த மூன்றாவது புத்தகத்தில்தான் 'ஜேமி' என்ற தலைப்பு முதல் முறையாக வருகிறது. ஆள் பழைய ஆள்தான். பார்க்கிற ஜன்னல் மாறிவிட்டது. டெலிவிஷனில் இப்படி ஒருவனுடைய தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ள வசதியில்லை. அந்த வேலையை நிகோலாய் காஸ்டர்-வால்டாவ் என்ற டென்மார்க் நடிகரின் முகம் செய்தது.

வீட்டிலும் இப்படித்தானே நடக்கிறது? நம் பிள்ளை எரிந்து விழுந்தால், பாவம், பரீட்சைக் கவலை என்கிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளை எரிந்து விழுந்தால் அது வளர்ப்பின் லட்சணம்! நம் பெண் மாமியாரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் அவள் பட்ட பாடு நமக்குத் தெரியும். மருமகள் பேசினாலோ, அவள் பட்ட பாட்டைக் கேட்க நமக்கு நேரமில்லை. யாருடைய அத்தியாயத்தை நாம் படித்திருக்கிறோமோ அவர்கள் நல்லவர்களாகிவிடுகிறார்கள்.

அதோடு நின்றால் பாடம் சுலபம். 'எல்லோரையும் புரிந்துகொள்ளுங்கள், மன்னியுங்கள்' என்று எழுதிவிட்டு நானும் பேனாவை மூடிவிடலாம். ஆனால் பிரான் என்ன ஆனான்? ஜேமியின் குளியல் அறைப் பேச்சைக் கேட்டு நாம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அந்த நேரத்திலும் அந்தச் சிறுவனை வேறொருவன் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறான். ஐந்து லட்சம் பேரைக் காப்பாற்றியது நிஜம். அந்தப் புண்ணியத்தால் ஒரு சிறுவனின் கால் திரும்பவில்லை என்பதும் நிஜம். 2019-இல் கடைசி சீசனில் ஜேமி அந்தப் பிள்ளையின் முன்னால் போய் நின்று தன் குற்றத்துக்கு வருந்துகிறான். பிரான் கோபிக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே பதில் சொல்கிறான். நாற்காலியைப் படத்தில் எங்கும் ஒளிக்கவில்லை. அதைத்தான் நான் மெச்சுகிறேன்.

சகோதரிகளே, இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளில் ஒரு வாக்கியம் புழங்குகிறது: "அவருக்கு மனசு தங்கம்; கோபம் வந்தால்தான் கை நீண்டுவிடும்." அடி வாங்கின பெண்ணிடமே இதைச் சொல்கிறோம். ஆபீஸில் ஆயிரம் தொல்லை, சின்ன வயசில் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவர் என்று காரணங்களையும் அடுக்குகிறோம். காரணங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. தங்கமான மனசும் நிஜமாகவே இருக்கலாம். அது ஒரு பத்தி. அவள் கன்னத்து வீக்கம் இன்னொரு பத்தி. முதல் பத்தியைப் படித்துக் காட்டி இரண்டாவதை அழிக்கச் சொல்ல நமக்கு என்ன பாத்தியதை?

செர்ஸியின் கதையும் அதுதான். அரசியல் லாபத்துக்காகக் கட்டிக் கொடுக்கப்பட்டவள். குடிகாரக் கணவன் ராபர்ட் ராஜா அவளைக் கை நீட்டி அடிப்பதை முதல் சீசனிலேயே பார்க்கிறோம். 2015-இல் ஐந்தாவது சீசனின் முடிவில், மத குருக்கள் அவள் தலைமயிரைக் கத்தரித்து, ஆடையின்றித் தெருத் தெருவாக நடத்துகிறார்கள். ஜனங்கள் அழுகினதையெல்லாம் எடுத்து வீசுகிறார்கள். அதுவரை அவளைச் சபித்தவர்கள்கூட அன்று அவளுக்காகப் பரிதபித்தார்கள். பரிதபித்தது நியாயமே. அடுத்த வருஷம், 2016-இல், அவள் என்ன செய்தாள்? தன்னை அவமானப்படுத்தியவர்களையும், அவர்களோடு ஒரு பாவமும் அறியாத ஊராரையும் பெரிய கோயிலோடு சேர்த்து வெடித்துச் சிதறடித்தாள். எதைக்கொண்டு தெரியுமா? பழைய ராஜா புதைத்துவைத்த அதே பச்சை நெருப்பைக் கொண்டு! எதைத் தடுக்கத் தம்பி ராஜகாதகன் ஆனானோ அதை அக்காள் தானே கொளுத்தினாள். புகையைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் பிள்ளை, இளம் ராஜா, ஜன்னல் வழியே விழுந்து உயிரை விட்டான்.

கெட்டவர்களிடம் நல்லது தேடுவது மட்டுமே இந்தக் கதையின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நல்லவர்களுடைய செலவுப் பத்தியையும் திறந்து காட்டுகிறது. கேட்லின் உத்தமமான மனைவி, ஐந்து குழந்தைகளுக்கு உயிரையே கொடுக்கும் தாய். கணவன் யுத்தத்திலிருந்து திரும்பும்போது, வேறொருத்திக்குப் பிறந்தவன் என்று சொல்லி ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்தான். அதுதான் ஜான் ஸ்னோ. அந்தக் குழந்தையை அவளால் சகிக்க முடியவில்லை. நாவலில் இல்லாத ஒரு காட்சியை 2013-இல் டெலிவிஷனுக்காகச் சேர்த்தார்கள். அந்தக் குழந்தை செத்துப்போகட்டும் என்று தான் ஒரு நாள் தெய்வங்களை வேண்டிக்கொண்டதாக அவள் சொல்கிறாள். உடனே குழந்தைக்கு வைசூரி கண்டது. பதறிப்போய், பிழைத்தால் அவனைப் பெற்ற பிள்ளையாக நேசிப்பேன் என்று ராத்திரி முழுவதும் கண் விழித்துப் பிரார்த்தித்தாள். குழந்தை பிழைத்தது. அவளால் வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. இத்தனைக்கும் ஜான் அவள் கணவனின் பிள்ளையே இல்லை, கணவனின் தங்கை பெற்ற பிள்ளை என்று 2016-இல் நமக்குத் தெரிகிறது. அதற்குள் கேட்லின் இறந்துவிட்டாள். கணவன் கடைசிவரை அவளிடம் அதைச் சொல்லவே இல்லை. அந்தக் குழந்தையின் உயிரைக் காக்கத்தான் அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்றாலும், மனைவியின் அத்தனை வருஷ வேதனையை யார் கணக்கில் எழுதுவது?

இனி டனேரிஸ். அடிமைகளை விடுவித்தவள், டிராகன்களின் தாய். அவளுக்கு வழங்கிய 'கலீசி' என்ற பட்டத்தை அமெரிக்காவில் பல நூறு பெற்றோர்கள் தங்கள் பெண் குழந்தைகளுக்குப் பெயராகவே வைத்தார்கள் என்றால் பாருங்களேன்! அவள் 2019-இல் கடைசிக்கு முந்தின எபிசோடில், சரணாகதி மணி அடித்த பிறகும், டிராகனை ஏவித் தலைநகரத்தைச் சாம்பலாக்கினாள். அவள் வேறு யாருமல்ல, அந்தப் பைத்தியக்கார ராஜாவின் மகள். தகப்பன் செய்ய நினைத்ததைத்தான் மகள் செய்து முடித்தாள். ஊரைக் காப்பாற்றின ஜேமி, அக்காளைத் தேடி அதே ஊருக்குத் திரும்பி வந்து, அவளை அணைத்தபடி இடிபாட்டுக்குள் செத்தான்.

ரசிகர்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கடைசி சீசனைத் திரும்ப எடுங்கள் என்று 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆறே எபிசோடுகளில் அவசரமாக முடித்துவிட்டார்கள் என்ற குறையில் நியாயம் உண்டு. ஆனால் நாம் கணக்குப் பார்க்காமல் விட்டதும் உண்டு. 2014-இல் நான்காவது சீசனில், 163 அடிமைக் குழந்தைகளைச் சிலுவையில் அறைந்த ஓர் ஊரை டனேரிஸ் பிடிக்கிறாள். பதிலுக்கு எஜமானர்களில் 163 பேரைப் பொறுக்கிச் சிலுவையில் அறையச் சொல்கிறாள். யார் செய்தது, யார் செய்யவில்லை என்று விசாரணை இல்லை. பிறகு ஒரு வாலிபன் வந்து, தன் தகப்பனார் அந்தக் குழந்தைகளைக் கொல்லக் கூடாதென்று வாதாடியவர், அவரையும் அறைந்துவிட்டீர்களே, உடலையாவது அடக்கம் செய்யக் கொடுங்கள் என்று கேட்கிறான். அன்றைக்கு நம்மில் பல பேர் கை தட்டிக்கொண்டிருந்தோம். அவன் சொன்னது காதில் விழவில்லை. வரவுப் பத்தியை மட்டும் கூட்டிக்கொண்டே வந்தால் கடைசியில் தூக்கிவாரிப் போடத்தான் செய்யும்.

ஸ்டான்னிஸை விட்டுவிட்டேனே! பிறர் கணக்கை அத்தனை கறாராகப் பார்த்த மனிதனுக்கு ஒரே மகள், ஷிரீன். குழந்தையிலேயே ஒரு கொடிய வியாதி வந்து பாதி முகம் கல்லாகிப்போனவள். அவளைக் காப்பாற்றத் தெரிந்த வைத்தியர்களையெல்லாம் வரவழைத்தவன் அந்தத் தகப்பன். 2015-இல், சிம்மாசன ஆசையில், மெலிசாண்ட்ரே என்ற மந்திரக்காரியின் பேச்சைக் கேட்டு, அந்த மகளையே நெருப்பில் பலி கொடுத்தான். அப்போது டாவோஸ் அங்கே இல்லை. தடுத்துவிடுவான் என்று முன்கூட்டியே வெளியூர் அனுப்பிவிட்டார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத அந்தப் பழைய கடத்தல்காரனுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவள் ஷிரீன்தான்.

2015-இல் ஜான் ஸ்னோ குத்துண்டு இறந்தான். 2016-இல் அவனை உயிர்ப்பிக்கும்படி மெலிசாண்ட்ரேயிடம் கேட்டவன் டாவோஸ். அவளும் உயிர்ப்பித்தாள். பிறகு ஷிரீனுக்கு நடந்தது தெரியவருகிறது. ஜானின் முன்னாலேயே அவளை நிறுத்தி, குழந்தையைக் கொன்றதற்குத் தண்டனை கேட்கிறான் டாவோஸ். அவளால் உயிர் பெற்றவனே நீதிபதி! ஜான் அவளைக் கொல்லவில்லை. சும்மா விடவும் இல்லை. வடக்கை விட்டுப் போய்விடு, திரும்பி வந்தால் தூக்கு என்று துரத்துகிறான். அவள் தலை குனிந்து குதிரை ஏறிப் போகிறாள்.

விரல் போனவனுக்குக் கணக்கு தெரிந்திருந்தது. ஜானின் உயிருக்கு அவன் நன்றி மறக்கவில்லை. அதற்காக ஷிரீனை விட்டுக் கொடுக்கவும் இல்லை. அடுத்த முறை உங்கள் வீட்டுக் கூடத்தில் யாரைப் பற்றியாவது "என்ன இருந்தாலும் நல்ல மனுஷன்" என்றோ, "அவள் எப்பவுமே அப்படித்தான்" என்றோ பேச்சு எழும்போது, இந்த வெங்காயக்காரனைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.